பிஸ்கட் கொடுக்கிற கை எது?

ஊருக்குப் போகிறவர்களின் நாய்களை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் தொழில். சென்னையில் இதற்கு ஹோம் போர்டிங் என்று பெயர். கூண்டெல்லாம் கிடையாது. வருகிற நாய் ஹாலில் என்னோடு உட்கார்ந்து டிவி பார்க்கும், பால்கனியில் நின்று காக்காயைப் பார்த்துக் குரைக்கும், இரவில் ஃபேனுக்கு நேர் கீழே படுத்துக்கொள்ளும். தீபாவளி, பொங்கல், மே மாத லீவு என்றால் இடமே இருக்காது. இந்தத் தொழிலில் நாய்க்கடிக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை. திரும்ப அழைத்துப்போக வருகிறவர் வாசலிலேயே நின்று, "என்னங்க, இளைச்சுப் போயிட்டானே!" என்று சொல்லிவிடுவாரோ என்பதற்குத்தான் பயம். சோறு போட்டாயா இல்லையா என்று கேட்பதற்கு நம் ஊரில் அதுதான் நாகரிகமான வழி.

அதனால் பிறத்தியார் நாயின் உடம்பைப் பற்றிப் பேசுவதா வேண்டாமா என்பது எனக்குப் பொழுதுபோக்குக் கேள்வியாக இருந்ததில்லை. பேசினால் வாடிக்கையாளர் போவார். பேசாவிட்டால், முதல் மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்துவிடுகிற லாப்ரடாரை நான்தான் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

ஒரு பீகிளைப் பற்றிச் சொல்கிறேன். சாக்லேட் நிறமும் வெள்ளையும் கலந்த, நல்ல குணமுள்ள பையன். அவனோடு அவனைவிடப் பெரிய பை ஒன்று வந்தது. உள்ளே உலர் தீவனப் பாக்கெட், மேரி பிஸ்கட் டின், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் நெய், அப்புறம் ரூல் போட்ட தாளில் குண்டு குண்டான எழுத்தில் ஒரு பட்டியல். காலை 6 மணி, பால், பிஸ்கட் 2. 8 மணி, இட்லி 2. 11 மணி, பிஸ்கட். 1 மணி, தயிர் சாதம், குழைய. 4 மணி, காபி போடும்போது கொஞ்சம் பால். ராத்திரி 8 மணி, சிக்கன் சாதம். கடைசி வரியின் கீழ் கோடு போட்டிருந்தது: "சாப்பிடவில்லை என்றால் ஒரு ஸ்பூன் நெய் ஊற்றிப் பிசையவும்." சாப்பிடாமல் இருந்த பீகிளை நான் இன்றுவரை பார்த்ததில்லை. தட்டு கழுவுகிற சத்தம் கேட்டாலே தூக்கத்திலிருந்து எழுந்து வருகிற ஜாதி அது. பீகிள் என்றால் 10, 11 கிலோ இருக்கும், பெரிய எலும்பாக இருந்தால் 13, 14 வரை போகலாம். இவன் 19 கிலோ. மேலேயிருந்து பார்த்தால் இடுப்பு என்று ஒன்று இல்லை. முதுகின் மேல் காபி டம்ளரை வைத்தால் சிந்தாமல் நிற்கும்.

நாயைக் கொண்டுவந்து விட்டவர் வீட்டின் மகன். ஐ.டி.க்காரர், விமானத்துக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் இருந்தார். அவரிடம் சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார். அவர் ஆட்டுகிற தலையால் அந்தத் தாளில் ஒரு வரிகூட மாறியிருக்காது, ஏனென்றால் அது அவர் கையெழுத்து இல்லை. இத்தனை வருஷத்தில் நான் கற்றது இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன். நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிற கை ஒன்று, அதற்கு ஊட்டுகிற கை இன்னொன்று. நம் வீடுகளில் இரண்டும் ஒரே ஆளுடையதாக இருப்பது அபூர்வம். வாக்கிங் கூட்டிப்போவது டிரைவரோ அப்பாவோ. ஊட்டுவது பாட்டியோ சமையல்கார அம்மாவோ, இல்லை பிடிக்காத பொரியலை மேஜைக்கடியில் தள்ளிவிடுகிற பையனோ. பூங்காவில் நின்று கயிற்றைப் பிடித்தவரிடம் நாம் பேசுவதெல்லாம் தவறான விலாசத்துக்குப் போட்ட கடிதம்.

அந்தப் பட்டியலை எழுதிய பாட்டியம்மா தினமும் மத்தியானம் எனக்கு போன் செய்வார்.

"குழந்தை சாப்பிட்டானாம்மா?"

"சாப்பிட்டாம்மா. உங்க கையால சாப்பிடற மாதிரி இல்லைன்னு மூஞ்சிய மட்டும் தூக்கி வச்சிருக்கான்."

அவருக்கு அது பிடித்தது. சிரித்தார். அப்புறம் நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "அங்க சோபாவுல ஏறுவானாம்மா? இங்க முன்னங்கால ரெண்டையும் வச்சுட்டு என்னையே பார்க்கறான். மேல ஏற மாட்டேங்கறான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அங்கயும் இப்ப ஏர்றதில்லம்மா. வயசாயிடுச்சில்ல?"

"அஞ்சு வயசுதானேம்மா ஆவுது."

"ஆமா... அஞ்சுதான். எனக்குத்தான் முட்டி வலின்னா அவனுக்குமா?"

அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குண்டு, கொழுப்பு, வெயிட் என்ற எந்த வார்த்தையும் என் வாயிலிருந்து வரவில்லை. முட்டி என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்.

கொடுப்பதை நிறுத்துங்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. மகன் ஆபீஸ் அறையில், மருமகள் ஆபீஸில், பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்று இருக்கும் வீட்டில் நாளுக்கு ஆறு முறை அவரைத் தேடி வருவது அந்த நாய் மட்டும்தான். அந்த ஆறு முறையைப் பிடுங்கினால் என்னை அவர் வாழ்நாளில் மன்னிக்க மாட்டார், மன்னிக்கவும் கூடாது. அதனால் நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு கையில் இருப்பதை மட்டும் மாற்றச் சொன்னேன். பிஸ்கட் இருந்த இடத்தில் வெள்ளரித் துண்டு, உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ், கேரட், சுரைக்காய். காலையில் ஒரு டப்பாவில் அன்றைக்கு உண்டான தீவனத்தை அளந்து போட்டு வைத்துவிட வேண்டும், யார் எத்தனை தடவை கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான் எடுக்க வேண்டும், டப்பா காலியானால் அன்றைய கடை மூடியாயிற்று. இந்த டப்பா யோசனை எந்தக் கூட்டுக் குடும்பத்திலும் வேலை செய்கிறது. யாரையும் குற்றம் சொல்லாமல், யார் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

எவ்வளவு அளந்து போடுவது என்பதை மட்டும் அவர்களுடைய டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். எடை மெதுவாகத்தான் இறங்க வேண்டும், வாரத்துக்கு உடம்பு எடையில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் போதும். அடுத்த தீபாவளிக்கு அவன் வந்தபோது 15 கிலோ சொச்சம். சோபாவில் ஏறி என் இடத்தில் உட்கார்ந்துகொண்டான். இப்போது பாட்டியம்மா போன் செய்து மகனைப் பற்றிப் புகார் சொல்கிறார்: "ராத்திரி ஆம்லெட்ல பாதிய அவனுக்கு ஊட்டிடறான்மா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறான், நீ கொஞ்சம் சொல்லேன்."

குண்டு என்ற வார்த்தையை நான் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் வீடுகளில் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையைப் பார்த்து அப்படியே சொல்லிவிட்டால் அன்று சாயங்காலமே உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார்கள். நாய்க்கும் இதே சம்பிரதாயம்தான். கழுத்தில் கறுப்புக் கயிறும் நெற்றியில் மையுமாக என்னிடம் ஒரு கோல்டன் ரிட்ரீவர் வரும். அந்த வீட்டில் போய் "ரொம்பக் குண்டாயிட்டாளே" என்றால் நான் கண் வைத்துவிட்டதாகத்தான் கணக்கு. கூடவே இன்னொரு சிக்கல்: சொல்லப்படுபவர் கொஞ்சம் பருமனானவராக இருந்தால், நாயைச் சொல்லித் தன்னைக் குத்துகிறோம் என்று நினைத்துக்கொள்வார். ஆகவே எப்படி இருக்கிறது என்று பேசாமல் என்ன செய்தது என்று பேசுவதே நல்லது. "காரில தானா ஏறலைங்க, தூக்கிவிட வேண்டியிருந்துது." "முன்னெல்லாம் பந்து பத்துத் தடவை எடுத்துட்டு வருவான், இந்தத் தடவை மூணோட படுத்துட்டான்." இவற்றுக்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. லிஃப்டில் வைத்தும், நாலு பேர் நடுவிலும் இதைக்கூடச் சொல்லக்கூடாது.

எனக்குக் கைகொடுக்கிற இன்னொரு சாதனம் எடைக்கருவி. வரும்போது ஒரு முறை, போகும்போது ஒரு முறை எல்லா நாயையும் எடை போடுவேன். காரணம் தொழில் சார்ந்தது, அதை மறைப்பதில்லை: "நாளைக்கு இளைச்சுடுச்சுன்னு நீங்க என்னைக் கேக்கக் கூடாதில்ல, அதுக்குத்தான்." சின்ன நாயைக் கையில் தூக்கிக்கொண்டு குளியலறை எடைக்கருவியில் ஏறி, என் எடையைக் கழித்தால் போதும். (என் எடை எங்கள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.) பெரிய நாய் என்றால் வரும் வழியிலேயே டாக்டரிடம் உள்ள பிளாட்பாரத்தில் நிறுத்தி எழுதிவரச் சொல்லிவிடுவேன். எண்ணை நான் வாசிப்பதில்லை, அவர்களே குனிந்து பார்க்க வேண்டும். பார்த்ததும் பெரும்பாலானவர்கள் நிமிர்ந்து கேட்கும் கேள்வி, "இது எவ்வளவு இருக்கணும்?" அந்தக் கேள்வி வருகிறவரை நான் வாய் திறக்க மாட்டேன். வந்துவிட்டால் தயங்கவும் மாட்டேன்.

கேட்டவர்களுக்கு முதலில் கிலோ சொல்வதில்லை, ஏனென்றால் ஒரே இனத்திலும் எலும்புச்சட்டம் பெரிது சிறிது உண்டு. அவர்கள் கையையே பயன்படுத்தச் சொல்வேன். இடது கையை மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டு வலது விரல்களால் புறங்கையைத் தடவுங்கள். எலும்புகள் தோலுக்கடியில் லேசாகத் தட்டுப்படுகின்றன அல்லவா? நாயின் விலாவைத் தடவும்போது அப்படி இருந்தால் சரியான உடம்பு. முஷ்டியை மடக்கி முட்டிகளைத் தடவுங்கள், விலா அப்படித் துருத்திக்கொண்டிருந்தால் மெலிவு. உள்ளங்கையைத் திருப்பி விரல்களின் அடிப்பகுதி மேட்டைத் தடவுங்கள், அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறது என்றால் கூடுதல் எடை. கால்நடை மருத்துவர்கள் இதையே 1 முதல் 9 வரை எண் போட்டுச் சொல்வார்கள். 4, 5 என்றால் சரி. அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு எண்ணும் ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம் கூடுதல் எடை. லாப்ரடார் வைத்திருக்கும் ஒருவர் என் ஹாலில் தரையில் உட்கார்ந்து, தன் கையையும் நாயையும் மாறி மாறித் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கங்க விலாவக் காணோம்?" என்று கேட்டது நினைவிருக்கிறது. நானும் தேடினேன்.

ஒல்லி நாய் என்றால் மட்டும் நம்மவர்களுக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த சிப்பிப்பாறை ஒன்று எங்களிடம் தங்குவதுண்டு. முயல் வேட்டைக்கென்று வளர்ந்த இனம். ஒட்டிய வயிறு, நீண்ட கால், கடைசி இரண்டு மூன்று விலா வெளியே தெரிவதுதான் அதற்கு ஆரோக்கியம். கன்னி இன நாய்க்கும் அப்படித்தான். அந்தச் சிப்பிப்பாறையைத் தெருவில் கூட்டிப்போனால் முன்பின் தெரியாதவர்கள்கூட ஸ்கூட்டரை நிறுத்தி, "ஏங்க, இதுக்குச் சோறு போடறீங்களா?" என்பார்கள். அதே நேரம் எதிரே ஒரு பக் இருக்க வேண்டிய எடையைப்போல் ஒன்றரை மடங்கைச் சுமந்துகொண்டு மூச்சுவாங்க வரும், அதைப் பார்த்து "சோ க்யூட்" என்பார்கள். நம் கண் பழகியிருப்பது அப்படி. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம்கூட, போதிய தீனி கொடுக்காத உரிமையாளரைத்தான் குற்றவாளி என்கிறது.

சிலருக்குக் கதை போதாது, ஆதாரம் வேண்டும். ஆடிட்டர்கள், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர்கள் இந்த ரகம். அவர்களுக்காக 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக ஆயுள் முழுக்கத் தீனி போட்டார்கள். அதிகம் தின்ற நாய்களில் பாதி 11.2 வயதுக்குள் போய்விட்டன, குறைவாகத் தின்றவற்றுக்கு அந்த எல்லை 13 வயது. மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது. அதிகம் தின்றவையும் பார்த்தால் பயமுறுத்துகிற உடம்பு ஒன்றும் இல்லை, கொஞ்சம் பூசினாற்போல் இருந்தவைதான். செய்தவர்கள் நாய்த்தீவனம் விற்கும் பியூரினா நிறுவனத்தார். தீவனக் கம்பெனியே குறைத்துப் போடு என்று சொன்னால் ஆடிட்டருக்கு வேறென்ன வேண்டும்?

லாப்ரடார்காரர்களிடம் இன்னொன்றும் சொல்வேன், அது அவர்கள் முகத்தைக் காப்பாற்றும். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் லாப்ரடார்களின் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு சிறு பகுதி விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இந்தக் குறை உண்டு. வயிறு நிறைந்தது என்ற சேதி அவற்றின் மூளைக்குச் சரியாகப் போய்ச் சேராது. "உங்க தப்பு இல்லங்க, அவனுக்கு நிஜமாவே பசிக்குது, ஆனா அது பொய்ப் பசி" என்றால் கேட்பவர் தோள் தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம். அதன் பிறகுதான் மற்ற பேச்சு.

வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடங்களும் உண்டு. எங்கள் பக்கத்துப் பூங்காவில் நடக்க வருகிற பெரியவர் ஒருவர், கறுப்பு லாப்ரடாரோடு வந்த பெண்ணிடம் எல்லோர் முன்னாலும், "நாய் வளர்க்கத் தெரியலைன்னா ஏம்மா வளர்க்கறே?" என்று கேட்டார். அந்த நாய்க்கு வலிப்பு நோய். பினோபார்பிட்டால் மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது, அந்த மருந்து பசியைக் கிளப்பிவிடும். ஸ்டீராய்டும் அப்படியே. தைராய்டு சுரப்பு குறைந்த நாய் கொஞ்சமாகத் தின்றே பருக்கும். தத்தெடுத்த நாயாக இருந்தால் நாம் பார்ப்பது ஏற்கெனவே குறைத்த எடையாகவும் இருக்கலாம். அந்தப் பெண் மறுநாளிலிருந்து காலை ஐந்து மணிக்கே வந்துவிட்டுப் போக ஆரம்பித்தார். அதனால் முதல் கேள்வி எப்போதும், "டாக்டர்கிட்ட காட்டறீங்களா, என்ன சொல்றாங்க?" பதிலில் டாக்டர் பெயர், மாத்திரை, டெஸ்ட் எல்லாம் வந்தால் நம் வேலை முடிந்தது, நாயைத் தடவிக்கொடுத்துவிட்டு நகரலாம். வயதான நாய் கடைசி நாட்களில் இருந்தால் அந்தக் கேள்வியும் வேண்டாம்.

உறவு, மரியாதை, சமயம் பார்ப்பது எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டுப் பேச வேண்டிய நேரம் ஒன்றுதான். மே மாத வெயிலில் பருத்த நாயை, அதுவும் பக் மாதிரி மூக்குச் சப்பையான இனத்தை, பத்து மணிக்கு மேல் தார் ரோட்டில் இழுத்துப் போகிறவரை, அவர் யாரென்று தெரியாவிட்டாலும், நான் நிறுத்துவேன். நாய்க்கு வேர்த்துக் குளிர வழியில்லை, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கொழுப்பு போர்வையாகப் போர்த்தியிருக்க, மூச்சுக்குழலும் குறுகலாக இருந்தால் முடியாது. நாக்கு கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறி, எச்சில் கெட்டியாக வழிந்து, நடை தள்ளாடினால் அங்கேயே நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும், அதன் பிறகு டாக்டரிடம் ஓட வேண்டும். அந்த நேரத்தில் "எதுக்கு சார் இவ்ளோ குண்டா வச்சிருக்கீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலைக் கொடுங்கள். இன்னொன்று: உடம்பு அப்படியே இருக்க வயிறு மட்டும் திடீரென்று உப்பினால் அது கொழுப்பு இல்லை. உடனே சொல்லுங்கள்.

இவ்வளவு பக்குவமாகப் பேசியும் ஒரு குடும்பம் என்னை விட்டுப் போய்விட்டது. அவர்களே கேட்டார்கள், நான் சொன்னேன், "உங்ககிட்ட விட்டா பட்டினி போட்டுடுவீங்க போல" என்றார்கள். இப்போது அவர்கள் நாய் வேறு இடத்துக்குப் போகிறது. அந்த வருமானம் போனதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் கேட்ட பிறகு மழுப்புவது என்னால் முடியாது.

பிறர் நாயைப் பற்றிப் பேசுவதற்கு முன் பூங்காவில் நம் சட்டைப் பையில் இருக்கும் பாக்கெட்டையும் பார்க்க வேண்டும். ஒரு மேரி பிஸ்கட்டில் சுமார் 25 கலோரி. கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 500, 600 கலோரி போதும். காலை நடையில் பாசமுள்ள நான்கு பேர் ஆளுக்கு இரண்டு கொடுத்தால் 200 கலோரி ஆகிவிட்டது, அதாவது அன்றைய உணவில் மூன்றில் ஒரு பங்கு, வீட்டிலிருப்பவருக்குத் தெரியாமலே. தின்பண்டம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அந்த நான்கு பேரில் ஒருவர்தான் பெரும்பாலும் "என்ன, உங்க நாய் வெயிட் போட்டிருக்கே?" என்றும் கேட்பார்.

எங்கள் தெருவில் இஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் மணி என்ற நாய்க்கு உரிமையாளரே கிடையாது. மாநகராட்சியார் பிடித்துக்கொண்டுபோய்க் கருத்தடை செய்து, காது நுனியில் வெட்டு வைத்து விட்டுப் போன பெண் நாய். கருத்தடைக்குப் பிறகு உடம்புக்கு வேண்டிய தீனி கால் பங்கு வரை குறையும், பசி குறையாது. தெருவில் ஆறேழு வீட்டார் தனித்தனியே அதற்குச் சோறு வைக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தான் ஒருவர்தான் வைக்கிறோம் என்று எண்ணம். மணி இப்போது குரைப்பதற்குக்கூட எழுந்திருப்பதில்லை, படுத்தபடியே குரைக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது? வாட்ச்மேன் அண்ணனிடம் பேசி, கேட்டை ஒட்டிய சுவரில் சின்னக் கரும்பலகை ஒன்றை மாட்டச் சொன்னேன். காலை, ராத்திரி என்று இரண்டு கட்டம். சோறு வைத்தவர் சாக்பீஸால் ஒரு டிக் போட்டுவிட வேண்டும், டிக் இருந்தால் அடுத்தவர் வைக்கக்கூடாது. வாரநாட்களில் எல்லோரும் ஒழுங்காகப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். அமாவாசையன்று மட்டும் காக்காய்க்கு வைத்தது போக மிச்ச வடையெல்லாம் மணிக்குத்தான், அதற்கு யாரும் டிக் போடுவதில்லை. இஸ்திரிக்காரரிடம் கேட்டால், "சாமி சோறு கணக்குல வராதும்மா" என்கிறார். அவரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.